கொழும்பிலிருந்து லேசர் ஆய்வுகூடத்துக்கு: மூலக்கூற்றுச் சிக்கல்களை உடைத்துப் படிக்கப் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு ஆவணங்களோடு அலைந்திருக்கிறேன். முனைவர் பட்டப் படிப்புக்காக முதல் வருடம் ஏழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன், ஏழிலும் இல்லை என்றுவிட்டார்கள். அடுத்த வருடம் ஐந்துக்கு அனுப்பினேன், மூன்றில் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் எனக்கு மூளை ஒன்றும் வளரவில்லை. ஒரேயொரு மூலக்கூற்றுச் சிக்கலை (ஓர் அயனும் அதில் ஒட்டிய மூலக்கூறுகளும் சேர்ந்ததை இங்கே சிக்கல் என்கிறேன்) ஒழுங்காகப் படித்தேன், என் பெயரை எல்லாக் கடதாசியிலும் ஒரே மாதிரி ஆக்கினேன். அவ்வளவுதான்.

இரசாயனவியலிலோ பௌதிகவியலிலோ நான்கு வருட விசேட பட்டம் முடித்தவர்கள், ராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் கற்கையை முடித்தவர்கள், இறுதி வருடத்தில் இருப்பவர்கள் ஆகியோரை நினைத்தே இதை எழுதுகிறேன். துறையின் பெயர் ஒளிப்பிரிகை நிறமாலையியல், அதாவது மூலக்கூறுகளை ஒளியால் உடைத்து, உடையும் விதத்திலிருந்து அவற்றைப் படிப்பது. இதற்கான லேசரும் வெற்றிடக் கருவியும் கொண்ட கூடங்கள் வெளிநாட்டில்தான். ஆனால் தயாரிப்பில் முக்கால் பங்கைக் கொழும்பிலேயே முடிக்கலாம்.

1. என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் என் முதல் வருடம் வீணானது. "எனக்கு நிறமாலையியலில் ஆர்வம்" என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர்.

சாதாரண செங்கீழ்க் கதிர் நிறமாலையை எப்படி எடுக்கிறோம்? மாதிரியின் ஊடாக ஒளியை அனுப்பி எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறோம். ஆனால் சோடியம் அயனோடு ஒரு நீர் மூலக்கூறு ஒட்டிய சிக்கலை வெற்றிடத்தில் தயாரித்தால், கிடைக்கும் அயன்கள் மிகச் சில. ஒளி குறைந்ததே தெரியாது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள்: ஒளிக்கு என்ன ஆனது என்று பார்க்காமல், மூலக்கூறுக்கு என்ன ஆனது என்று பார்க்கிறார்கள். திணிவு நிறமாலைமானியில் வேண்டிய திணிவுள்ள அயனை மட்டும் பிரித்தெடுத்து, அதன் மீது லேசர் துடிப்பை விட்டு, உடைந்து வரும் துண்டுகளை எண்ணுகிறார்கள். அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போனால், துண்டுகள் அதிகம் வரும் இடங்களில் சிகரம் எழும். இதுதான் ஒளிப்பிரிகை நிறமாலை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீரின் ஒட்சிசன்–ஐதரசன் நீட்சி அதிர்வுக்கு ஏறக்குறைய 3,700 செ.மீ⁻¹ போட்டன் (ஒளித்துகள்) வேண்டும். செ.மீ⁻¹ என்பது அலையெண்ணின் அலகு, எண் கூடினால் போட்டனின் சக்தியும் கூடும். 1 கிலோயூல்/மூல் என்பது 83.6 செ.மீ⁻¹. ஆகவே அந்தப் போட்டனின் சக்தி சுமார் 44 கிலோயூல்/மூல் (இனிச் சுருக்கமாகக் கிலோயூல்). சோடியம் அயனுக்கும் நீருக்கும் இடையிலான பிணைப்போ 100 கிலோயூலுக்கு அருகில். ஒரு போட்டனால் அதை உடைக்க முடியாது. ஒளியை உறிஞ்சினாலும் துண்டு வராது, திரையில் ஒன்றும் தெரியாது.

அதற்குத்தான் ஆகன். சிக்கலோடு ஓர் ஆகன் அணுவையும் ஒட்டவைப்பார்கள். அது தளர்வாகத்தான் ஒட்டியிருக்கும், 44 கிலோயூலை விட மிகக் குறைந்த சக்தியே கழற்றப் போதும். நீர் அதிர்ந்ததும் அந்தச் சக்தி உள்ளே பரவி ஆகனை உதறிவிடும். ஐதரசன் மூலக்கூறு, நியோன், ஹீலியம், நைதரசன் ஆகியவற்றையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். ஒட்டுகிற பொருள் எவ்வளவு இலேசாகப் பிடித்திருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே அசல் சிக்கலின் அதிர்வைக் கெடுக்கும்.

இங்கே பலர் வழுக்குகிறார்கள். நீரின் வளைவு அதிர்வு 1,600 செ.மீ⁻¹ அளவில் இருக்கிறது. அது 19 கிலோயூல்தான். ஆகனை உதற அது போதாமல் போகலாம். அப்போது நீட்சிச் சிகரம் இருக்கும், வளைவுச் சிகரம் இருக்காது. "சிகரம் இல்லை, ஆகவே உறிஞ்சல் இல்லை" என்று நேர்காணலில் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஊதாக்கடந்த பக்கத்தில் கதை வேறு. மகனீசியம் அயன் கொண்ட சிக்கல்களை 280 நானோமீற்றர் சுற்றுவட்டாரத்தில் அடித்தால், அயனின் இலத்திரன் மேல்மட்டத்துக்குத் தாவும். அந்தப் போட்டனின் சக்தி சுமார் 427 கிலோயூல், எனவே உடைப்பதற்குச் சக்தி போதுமா என்ற கவலை இல்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு வேகமாக உடைகிறது என்பது. ஒரு பிக்கோ செக்கனில் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கில்) உடைந்தால் நிறமாலைக் கோடு ஏறக்குறைய 5 செ.மீ⁻¹ அகலமாகும். கோட்டின் அகலத்திலிருந்து ஆயுளைப் படிக்கலாம், ஆனால் லேசரின் சொந்த அகலத்தைக் கழித்த பிறகுதான்.

2. ஒரு சிக்கலை உங்களுடையதாக ஆக்குங்கள் (மூன்று மாதம், செலவு மின்கட்டணம் மட்டும்)

மடிக்கணினி ஒன்று போதும், 8 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் தாராளம். ஓர்க்கா என்ற குவாண்டம் இரசாயன மென்பொருள் கல்வித் தேவைக்கு இலவசம், பதிவு செய்தால் இறக்கலாம். வடிவத்தைக் கண்ணால் பார்க்க அவகாட்ரோவும் இலவசம். சோடியம் அயன், நீர், ஆகன் மூன்றும் சேர்ந்த சிக்கலைக் கணக்கிடச் சாதாரணக் கணினிக்கு அதிக நேரம் எடுக்காது.

வரிசை இது. முதலில் நீர் தனியாக. கணினி தரும் மீடிறன் அளந்ததை விட உயர்வாக வரும், ஏனெனில் அது அதிர்வை ஒத்திசைவானதாக, இலட்சியச் சுருள்வில்லின் ஆட்டம் போல, எடுத்துக்கொள்கிறது. பரிசோதனை மதிப்புகள் 3,657, 3,756 செ.மீ⁻¹. இரண்டையும் ஒப்பிட்டு உங்கள் முறைக்கான திருத்தக் காரணியைக் கண்டுபிடியுங்கள், வழக்கமான முறைகளில் 0.96 அளவில் வரும். பிறகு சோடியத்தைச் சேருங்கள், நீட்சி அதிர்வு எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று குறித்துவையுங்கள். பிறகு ஆகனை, வெவ்வேறு இடங்களில். எதிர்க்குறி மீடிறன் ஒன்று வந்தால் அது நிலையான வடிவம் அல்ல, மறுபடி தேடுங்கள். கடைசியாக ஐதரசனுக்குப் பதில் தூத்தேரியம் (பாரமான ஐதரசன்). நீட்சியின் மீடிறன் ஏறக்குறைய 1.37-ஆல் வகுத்த அளவுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ தவறு.

ஆகன் போன்ற தளர்ந்த பிணைப்புக்குப் பரவல் விசைத் திருத்தம் (அணுக்களுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பைக் கணக்கில் எடுப்பது) சேர்க்காமல் கணக்கிடாதீர்கள். உள்ளீட்டுக் கோப்பில் அதற்கான ஒரு சொல்லை விட்டதால் மூன்று வாரம் வந்த முடிவுகள் அத்தனையையும் குப்பையில் போட்டேன்.

உங்கள் திணைக்களத்தில் செங்கீழ்க் கதிர் நிறமாலைமானி நிச்சயம் இருக்கும். ஆய்வுகூட உத்தியோகத்தரிடம் மரியாதையாகக் கேட்டு ஒரு பிற்பகல் உட்காருங்கள். மாதிரி வைக்கும் அறைக்குள் மெதுவாக ஊதுங்கள். 2,349 செ.மீ⁻¹ இடத்தில் காபனீரொட்சைட்டின் இரட்டைக் கூம்பு எழும். 3,500 முதல் 3,900 வரை நீராவியின் முட்காடு. கொழும்பின் ஈரக்காற்றில் அதைப் பார்க்கத் தனி முயற்சி எதுவும் தேவையில்லை. லேசர் கூடங்களில் கதிர் போகும் குழாய்க்குள் ஏன் உலர்ந்த நைதரசனை ஓடவிடுகிறார்கள் என்று அன்றைக்கே விளங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும் நான்கு பக்க அறிக்கையாக்குங்கள். அதுதான் உங்கள் சாவி.

3. கூடங்களைத் தேர்ந்தெடுத்தல்

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள், கூடத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள். தேடத் தொடங்கச் சில பெயர்கள்: யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் ஜோன்சன், மசாசூசெட்ஸ் அம்ஹர்ஸ்டில் ரிக்கார்டோ மெற்ஸ், மெல்பேர்னில் எவன் பீஸ்கி, லைப்சிக்கில் க்னுற் அஸ்மிஸ், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒற்றோ டொப்ஃபர். நெதர்லாந்தின் நைமேகனில் ஃபீலிக்ஸ் என்ற கட்டற்ற இலத்திரன் லேசர் நிலையம் இருக்கிறது. மேசை லேசர்கள் எட்டச் சிரமப்படும் குறைந்த அலையெண்களில் வேலை செய்ய உலகெங்குமிருந்து அங்கே போகிறார்கள்.

ஒவ்வொருவரின் கடைசி மூன்று கட்டுரைகளையாவது வாசியுங்கள். கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் புது மாணவர் பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தக் கூடம் சுருங்கிக்கொண்டிருக்கலாம், பேராசிரியர் ஓய்வை நெருங்கியிருக்கலாம். அவரிடமே கேட்பதில் தப்பில்லை.

நாடுகளைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் நான்கு வருட இளமாணியோடு நேரே முனைவர் பட்டத்துக்குப் போகலாம், கற்பித்தல் உதவியாளர் வேலையோடு கல்விக் கட்டணமும் விலக்கப்படும். ஜேர்மனியில் பொதுவாக முதுமாணி கேட்பார்கள். முதுமாணிக்கு மாணவர் விசாவில் போவதென்றால் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் (2024 செப்டெம்பர் முதல் இருக்கும் தொகை). சம்பள ஒப்பந்தத்தோடு முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு அந்தத் தலையிடி இல்லை. அவுஸ்திரேலியாவில் புலமைப்பரிசிலுக்கு முதல் வகுப்பு இல்லாமல் கரை சேர்வது கஷ்டம். மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 அவுஸ்திரேலிய டொலர். நான் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தவன், எனவே கீழே வருவது பெரும்பாலும் அந்த வழி.

4. நாட்காட்டி

ஓகஸ்டில் விமானம் ஏற வேண்டுமானால் அதற்கு முந்தைய வருடம் பெப்ரவரியில் தொடங்குங்கள். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கணக்கீடு. மே, ஜூனில் கடவுச்சீட்டும் பெயர்க் குழப்பமும். ஜூலை, ஓகஸ்டில் ஆங்கிலப் பரீட்சை. செப்டெம்பரில் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல். ஒக்டோபரில் நோக்கக் கடிதம். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் ஜனவரி 15 வரை. பதில்கள் மார்ச்சுக்குள் வரும், நிதியோடு வந்த அழைப்புக்குப் பொதுவாக ஏப்ரல் 15 வரை பதில் சொல்லலாம். அதற்கு முன்னதாகவே கையெழுத்திடும்படி அவசரப்படுத்தினால் அந்தத் திகதியை நினைவூட்டுங்கள்.

நம்மூர்க் காரணி ஒன்று: பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம். அது தொடங்கினால் பரீட்சைக் கிளையில் ஒரு கடதாசியும் நகராது. ஆகவே பெறுபேற்றுப் பத்திரத்தை, அதாவது எல்லோரும் சொல்லும் டிரான்ஸ்கிரிப்டை, தேவைப்படுவதற்கு நான்கு மாதம் முன்பே கேட்டு வாங்குங்கள். முத்திரையிட்ட உறையில் குறைந்தது ஆறு பிரதி.

5. ஆவணங்கள், குறிப்பாக உங்கள் பெயர்

நம் தமிழ்ப் பெயர்கள் இங்கேதான் காலை வாரும். என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் தனியே, தகப்பனார் பெயர் வேறு கூட்டில். பாடசாலையில் முதலெழுத்தும் பெயரும். பட்டச் சான்றிதழில் தகப்பனார் பெயர் முழுதாக முன்னால், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எச் கூடுதலாக. கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக. வெளிநாட்டுக் கணினிக்கு இவை நான்கு வெவ்வேறு ஆட்கள். ஓர் இடத்தில் என் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி விண்ணப்பத்தோடு சேராமல் ஆறு வாரம் தொங்கியது. அந்த விண்ணப்பம் அதோடு போயிற்று.

செய்ய வேண்டியது: முதலில் கடவுச்சீட்டை எடுங்கள், அதிலிருக்கும் எழுத்துக்கூட்டலையே தாய் வடிவமாக வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைப் பதிவு, விண்ணப்பம், மின்னஞ்சல் கையொப்பம், எல்லாமே அதன்படி. பட்டச் சான்றிதழ் இன்னும் அச்சாகவில்லை என்றால் பதிவாளர் கிளைக்குப் போய் இப்போதே திருத்துங்கள், அச்சான பிறகு அது மாதக்கணக்கில் இழுக்கும். திருத்தவே முடியாதவற்றுக்கு, எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துவையுங்கள். சமாதான நீதவானை விடச் சட்டத்தரணி முன் செய்தால் கேள்வி குறைவு.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்க வேண்டும். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போனால் ஆட்கள் கிடைப்பார்கள். கையெழுத்திட முன் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், "பிழை இருந்தால் பிறகு பார்க்கலாம்" என்பார்கள், அந்தப் பிறகு வரவே வராது.

ஆவண அத்தாட்சி வேண்டுமென்றால் பத்தரமுல்லை சுஹுருபாயவில் கொன்சியூலர் அலுவல்கள் பிரிவு. குடிவரவுத் திணைக்களமும் அதே கட்டடம்தான், இரண்டு வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ். ஆனால் அத்தாட்சி உண்மையில் தேவையா என்று முதலில் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். யாரும் கேட்காத முத்திரைகளுக்காக நான் இரண்டு காலைகளைத் தொலைத்தேன். பொலிஸ் அறிக்கையும் அப்படித்தான், கேட்டால் மட்டும் எடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. உங்களுக்கு ஏ கொடுத்த ஆசிரியரை விட, உங்கள் நான்கு பக்க அறிக்கையை வாசித்துக் கேள்வி கேட்ட ஆசிரியர் எழுதும் கடிதம் பெறுமதி. "சேர், நீங்கள் எழுதித் தாருங்கள், நான் கையெழுத்து வாங்க வருகிறேன்" என்பதெல்லாம் இப்போது இல்லை, கடிதத்தைப் பதிவேற்றும் இணைய இணைப்பு நேரடியாக அவருக்கே போகும். முடிவுத் திகதிக்கு மூன்று வாரம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டுங்கள். வெட்கப்படத் தேவையில்லை.

6. காசு

விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 50 முதல் 100 டொலருக்குள் வரும். சராசரி 80 என்று வைத்தால் ஐந்துக்கு 400. மாணவர் பதிவுக் கட்டணமான செவிஸ் 350, விசாக் கட்டணம் 185. இதற்கே 935 டொலர். ஆங்கிலப் பரீட்சை, தேவைப்பட்டால் ஜிஆர்ஈ என்ற பட்டமேற்படிப்பு நுழைவுப் பரீட்சை (220 டொலர்), விமானச் சீட்டு எல்லாம் இதற்கு மேல். இரசாயனவியல் திணைக்களங்கள் பல ஜிஆர்ஈயைக் கைவிட்டுவிட்டன, கட்டும் முன் பாருங்கள். கட்டண விலக்கு கேட்டு எழுதுங்கள், ஐந்தில் இரண்டு இடம் எனக்குத் தந்தது. விசா தொடர்பான கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, கட்டும் நாளில் மறுபடி பாருங்கள்.

வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு இயல்பாகப் பூட்டப்பட்டிருக்கலாம். கிளைக்குப் போய்த் திறந்துவைத்து, எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். முடிவுத் திகதி இரவு பதினொன்றரைக்கு அட்டை மறுத்தால் யாரிடமும் கதைக்க முடியாது.

ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி இரண்டு வருடம் மட்டுமே செல்லும். கற்பித்தல் உதவியாளர் வேலைக்குப் பேச்சுப் பகுதிப் புள்ளியைத் தனியாகப் பார்ப்பார்கள், மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள்.

7. மின்னஞ்சலும் நேர்காணலும்

எட்டு வரிக்கு மேல் வேண்டாம். யார், என்ன படித்தீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்தப் படம் உங்களை நிறுத்தியது, நீங்கள் கணக்கிட்டது என்ன, வரும் வருடம் ஆள் எடுக்கிறாரா. அறிக்கையை இணையுங்கள். "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் மகத்தான பணி" என்ற தொனியை விடுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு தரம் நினைவூட்டிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.

நேர்காணலில் என்னிடம் வந்த கேள்விகள்: லேசர் இல்லாதபோதும் துண்டு வந்தால் என்ன செய்வாய்? (சில சிக்கல்கள் தாமாகவே உடையும், எனவே லேசர் உள்ள துடிப்பிலிருந்து லேசர் இல்லாத துடிப்பைக் கழிக்க வேண்டும்.) லேசரின் வலு அலைநீளத்தோடு மாறுமே? (வலுவைக் கூடவே அளந்து வகுக்க வேண்டும்.) இரண்டு வடிவங்கள் கலந்திருந்தால்? இதற்கு எனக்கு முழுப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றேன். அந்த இடத்தில்தான் கிடைத்தது.

8. விசா

பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 கடிதம் வந்ததும் செவிஸ் கட்டி, விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160-ஐ நிரப்பி, கொள்ளுப்பிட்டியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் எடுங்கள். படிப்புத் தொடங்குவதற்கு 30 நாளுக்கு முன்னர் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே ஜூலை நடுப்பகுதிக்கு முந்திய நாளொன்றில் பயணம் செய்யச் சீட்டு எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

நமது துறைக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. லேசர், அமெரிக்க விசா அதிகாரிகள் கூடுதலாகக் கவனிக்கும் தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள சொல். நேர்காணல் முடிந்தபின் மேலதிகச் சோதனைக்கு அனுப்பிவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். மறைக்க நினைக்காதீர்கள், அது பெரிய தவறு. பேராசிரியரிடம் ஆய்வின் நோக்கத்தை எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமாக வாங்குங்கள், சுயவிபரமும் கட்டுரைப் பட்டியலும் கோப்பில் இருக்கட்டும். "சில அணுக்களே கொண்ட மூலக்கூறுகள் எப்படி அதிர்கின்றன, எப்படி உடைகின்றன என்று பார்க்கும் அடிப்படை இரசாயனவியல்" என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். நான் வீட்டில் அம்மாவுக்குச் சொல்லிப் பழகினேன். அம்மாவுக்கு விளங்கிய பிறகுதான் தூதரகத்துக்குப் போனேன்.

நேர்காணல் நாளை மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வைத்தால், சோதனை இழுத்தாலும் ஓகஸ்டுக்கு இடம் இருக்கும்.

9. போய்ச் சேர்ந்த முதல் வாரங்கள்

லேசர் பாதுகாப்புப் பயிற்சி முடியாமல் அறைக்குள் விடமாட்டார்கள். பரிச்சயமாகப்போகும் கருவி நியோடிமியம் யாக் லேசர்: 1,064 நானோமீற்றர், செக்கனுக்குப் பத்துத் துடிப்பு என்பது வழக்கம். அதிலிருந்து 532-ஐ எடுத்து, பளிங்குகளின் ஊடாக விட்டு, செங்கீழ்க் கதிராக மாற்றுகிறார்கள். 532 பச்சையாகத் தெரியும், எனவே எல்லோரும் அதற்குப் பயப்படுவார்கள். 1,064 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையில் குவியும். பச்சையைத் தடுக்கும் கண்ணாடி அதைத் தடுக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. கொக்கியில் தொங்கும் கண்ணாடிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்று கண்ணாடியின் சட்டகத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும், வாசித்துவிட்டு மாட்டுங்கள். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் வெளியே கழற்றிவையுங்கள். அம்மா கட்டிவிட்ட வெள்ளிக் காப்பையும்தான்.